சிபிடியா, ஜோடியாகப் போவதா, மனம் விட்டுப் பேசினாலே போதுமா?

கேள்வி (மார்ச் 2, இரவு 9.15)

திருமணமாகி ஆறு வருடம் ஆகிறது. போன வருடத்திலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது. சின்ன விஷயத்துக்குக்கூட இருவருக்கும் சண்டை வருகிறது. சண்டை முடிந்தால் அவர் நாள்கணக்கில் பேசமாட்டார். "பிரச்சினை உனக்குத்தான், நீ போய்ப் பார்" என்கிறார். மனநலத்துக்கான பேச்சு சிகிச்சைக்குப் போகலாம் என்று தேடினால் சிபிடி, டிபிடி, ஈஎம்டிஆர், சைக்கோடைனமிக் என்று ஒரே பெயர்க் குவியல். "எல்லாம் ஒன்றுதான், நல்ல ஆளாகக் கிடைத்தால் போதும்" என்கிறாள் என் தோழி. உண்மையா? நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

மார்ச் 2, இரவு 10.40

உங்கள் தோழி சொன்னது பாதி சரி. 1936லேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை எழுதிவிட்டார். ஒன்றுக்கொன்று முரணான முறைகள்கூடப் பலன் தருகின்றன என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்றார் அவர். பிறகு மனச்சோர்வுக்கான முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஆய்வுகளிலும் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தெரபிஸ்டோடு, அதாவது பேச்சு சிகிச்சை தருபவரோடு, அமையும் உறவு பலனோடு சேர்ந்தே போகிறது என்பதும் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

மீதிப் பாதியை நம்பினால்தான் காலம் வீணாகும். ஓசிடி (விடாத எண்ணமும் அதற்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும்), பேனிக் (திடீரென்று தாக்கும் கடும் பயம்), ஏதாவது ஒன்றைக் கண்டாலே வரும் பயம், விபத்துக்கோ வன்முறைக்கோ பிறகு விடாமல் திரும்பி வரும் நினைவு, இவற்றுக்கெல்லாம் முறை முக்கியம். கை கழுவிக்கொண்டே இருக்கும் ஒருவரிடம் "கை சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், அந்த ஆறுதலைக் கேட்டுக்கேட்டு வாங்குவதே அவருக்கு இன்னொரு சடங்காகிவிடும். அழுக்கைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் பழகும் பயிற்சிதான் அவருக்கு வேண்டும். விக்டர் மேயர் 1966ல் இந்த வழியை எழுதினார். ஓசிடிக்கான பேச்சு சிகிச்சையில் இன்றும் அதுதான் முதுகெலும்பு.

அதனால் பெயர்களை ஓரமாக வையுங்கள். இதை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்: உங்களுக்குப் படபடப்பு முதலில் வந்ததா, சண்டை முதலில் வந்ததா? அவர் ஊரில் இல்லாத நாட்களிலும் படபடப்பு இருக்கிறதா?

மார்ச் 3, காலை 7.05

நேற்று எழுத விட்டுப்போனது. முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் அது அச்சு அசலாகப் பதற்றம் மாதிரியே தெரியும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய ஒன்றுக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து குழந்தைப் பருவத்தைக் கிளற வேண்டாம்.

மார்ச் 3, இரவு 9.30

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், நீங்கள் தெரபிஸ்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வாழ்க்கையின் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு காரணத்துக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தவள்.

முதல் தடவை பேனிக். லிஃப்டில் போகும்போது திடீரென்று மூச்சு முட்டியது, கைவிரல்கள் மரத்துப்போயின, செத்துவிடுவேன் என்று உறுதியாகத் தோன்றியது. இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு லிஃப்டில் ஏறவே இல்லை. அப்புறம் கூட்டமான இடங்களும் போயின. அப்புறம் தனியாக வெளியே போவதும் போயிற்று. ஒரு தெரபிஸ்டிடம் போனேன். மிக நல்லவர். அவரிடம் பேசப்பேச அப்பாவின் கண்டிப்பு, நான் எப்போதும் யாரையாவது திருப்திப்படுத்திக்கொண்டே இருப்பது எல்லாம் விளங்கியது. அது பொய்யான தெளிவு இல்லை, இன்றைக்கும் உதவுகிறது. ஆனால் அவர் அறை ஐந்தாவது மாடியில் இருந்தது, கடைசி நாள் வரை நான் படியேறித்தான் போனேன்.

இரண்டாவதாக நான் போய்ப் பார்த்தவர் சிபிடி செய்பவர், அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் முறை. அவர் விளக்கியது டேவிட் கிளார்க் 1986ல் எழுதிய கருத்து. உடம்பில் ஏதோ சிறிய மாற்றம் வருகிறது, அதை "மாரடைப்பு" என்று மனம் வாசிக்கிறது, அந்த வாசிப்பு பயத்தைக் கூட்டுகிறது, பயம் படபடப்பைக் கூட்டுகிறது. கூடிய படபடப்பைப் பார்த்து மனம் இன்னும் உறுதியாக நம்புகிறது. விளக்கிவிட்டு என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துத் தலை சுற்றும் வரை சுற்றச் சொன்னார். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொன்னார். நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். நான் எந்த உணர்வுகளுக்குப் பயந்து ஓடினேனோ அவற்றையே வேண்டுமென்று வரவழைத்து, அவை வந்தாலும் ஒன்றும் ஆகாது என்பதை என் உடம்புக்கே காட்டினார். பையில் எப்போதும் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலையும், ஆபத்துக்கு உதவும் என்று நம்பிய மாத்திரை அட்டையையும்கூட வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பாட்டில் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று மனம் கணக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

லிஃப்டில் ஏறினேன். ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் இருந்தது. அது பிடிக்காதவர்களுக்கு சிபிடி ஒத்துவராது, அதையும் சொல்லிவிடுகிறேன். செஷனில் நடப்பதைவிட இரண்டு செஷனுக்கு நடுவில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் அதில் பெரும்பகுதி.

மார்ச் 4, மதியம் 1.20

என் முதல் தெரபிஸ்ட் செய்தது மாதிரி, பழைய அனுபவங்களில் வேர் தேடும் சைக்கோடைனமிக் முறையை நான் குறைத்துப் பேசிவிட்டதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் சொன்னது பேனிக் பற்றி மட்டும்.

ஆட்கள் மாறினாலும் கதை மாறாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு உறவிலும் அதே மாதிரி ஆளையே தேர்ந்தெடுப்பார்கள், அதே இடத்தில் காயப்படுவார்கள், அதே மாதிரி விலகுவார்கள். வேலையிலும் மேலதிகாரியோடு அதே நாடகம் நடக்கும். இவர்களுக்குப் பயிற்சித்தாளை விட, அந்த வடிவம் எங்கே உருவானது என்று பொறுமையாகப் பார்ப்பதும், அதே நாடகம் தெரபிஸ்டோடும் நடக்கும்போது அதைக் கையோடு பிடித்துப் பேசுவதும் பலன் தரும். காலம் அதிகம் ஆகும். குறுகிய கால சைக்கோடைனமிக் முறைகளும் இருக்கின்றன.

மார்ச் 4, இரவு 11.00

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா இறந்த பிறகு நான் அதே சிபிடிக்காரரிடம் திரும்பப் போனேன். அவர் எண்ணங்களை எழுதும் தாளைக் கொடுத்தார். நிகழ்வு, எண்ணம், அதற்கான ஆதாரம், எதிரான ஆதாரம் என்று கட்டம் கட்டமாக. "அம்மா இல்லை" என்று எழுதினேன். அதற்கு எதிரான ஆதாரம் என்ன எழுதுவது? தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்போது எனக்கு வேண்டியிருந்தது வேறு. கேட்கும் ஒருவர். கார்ல் ரோஜர்ஸ் 1957ல் எழுதிய கட்டுரையில், ஒரு மனிதர் மாறுவதற்குத் தெரபிஸ்டிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும்போது மூன்றை அழுத்திச் சொல்கிறார்: வேஷம் இல்லாமல் இருப்பது, நிபந்தனை இல்லாமல் ஏற்பது, எதிரில் இருப்பவரின் உள்ளத்துக்குள் இருந்து பார்ப்பது. அந்த வழியில் பயின்ற ஒருவரிடம் போனேன். அவர் எனக்கு எந்தப் பயிற்சியும் தரவில்லை. அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி ஒரே விஷயத்தை நான் பல தடவை சொன்னேன், அவர் பல தடவையும் முதல் தடவை கேட்பது மாதிரியே கேட்டார். வீட்டில் இருப்பவர்களால் அது முடியாது, அவர்களும் துக்கத்தில் இருப்பவர்கள்.

பெரும்பாலான துக்கத்துக்குத் தெரபியே தேவையில்லை என்பதும் உண்மை. சுற்றி மனிதர்கள் இருந்தால் காலப்போக்கில் தானாகவே ஒரு இடத்துக்கு வந்து சேரும். ஆனால் மாதங்கள் கடந்தும் அன்றாடமே நின்றுபோயிருந்தால் அது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டில் குறைந்தது 6 மாதம், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2022 முதல் பெரியவர்களுக்கு 12 மாதம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அதற்கென்றே தனியாக உருவான தெரபி இருக்கிறது.

ஒரே ஆள், பேனிக்குக்கு ஒன்று, துக்கத்துக்கு வேறொன்று. "எனக்கு எந்தத் தெரபி பொருந்தும்" என்று கேட்பதை விட "இப்போது இருக்கும் இந்தத் தொல்லைக்கு எது" என்று கேட்பது சரியான பதிலைத் தரும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

மார்ச் 5, காலை 6.50

உங்கள் பதிலைப் பார்த்தேன். சண்டைதான் முதலில். அவர் ஊரில் இல்லாத வாரத்தில் நன்றாகத் தூங்கினீர்கள். சரி, அப்படியென்றால் "நீ போய்ப் பார்" என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. மாலை விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 5, இரவு 10.15

தனியாகப் போவதா, சேர்ந்து போவதா என்பதுதான் உங்கள் விஷயத்தில் முதல் முடிவு. சிபிடியா வேறா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தனியாகப் போனால் என்ன நடக்கும்? தெரபிஸ்ட் உங்கள் பக்கத்தை மட்டும் கேட்கிறார். நீங்கள் நேர்மையாகத்தான் சொல்வீர்கள், ஆனால் உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். அவர் உங்களைப் புரிந்துகொள்ளப் புரிந்துகொள்ள, அந்த அறையில் இல்லாத உங்கள் கணவர் நாளுக்கு நாள் கெட்டவராக மாறிவிடும் அபாயம் உண்டு. நல்ல தெரபிஸ்ட் இதைக் கவனித்து நிறுத்துவார். எல்லோரும் நிறுத்துவதில்லை.

இன்னொன்று, உங்களுக்கு மனச்சோர்வு என்றே ஒரு மருத்துவர் சொன்னாலும் சேர்ந்து போகலாம். உறவில் இருக்கும் உரசல் மனச்சோர்வுக்குக் காரணமாகத் தெரிந்தால் ஜோடியாகச் செய்யும் தெரபியை ஒரு சிகிச்சையாகவே சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில் வைத்திருக்கிறது. "உனக்குத்தான் பிரச்சினை" என்பதை நீங்கள் மறுக்கக்கூட வேண்டாம். "ஆமாம், எனக்குத்தான். அதற்கான சிகிச்சைக்கு நீங்களும் வர வேண்டியிருக்கிறது" என்று சொல்லலாம்.

எங்கள் வீட்டுக் கதையும் உங்கள் கதையின் சாயல்தான். நான் துரத்துவேன், அவர் ஒளிவார். அவர் மௌனமானால் எனக்குப் பயம், பயத்தில் குரல் உயரும், குரல் உயர்ந்தால் அவர் இன்னும் உள்ளே போய்விடுவார். நாங்கள் போனவர் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980களில் உருவாக்கிய உணர்வு சார்ந்த முறையில் பயின்றவர். குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பி சொன்னதைக் கணவன் மனைவி உறவுக்குக் கொண்டுவந்த முறை அது. இருவரில் யார் தப்பு என்று அவர் பார்க்கவே இல்லை. துரத்துவதும் ஒளிவதும் சேர்ந்து ஓடும் அந்தச் சுழற்சியைத்தான் எங்கள் இருவருக்கும் எதிரில் வைத்தார். என் கத்தலுக்கு அடியில் "நீ என்னோடு இருக்கிறாயா?" என்ற கேள்வி இருந்தது. அவர் மௌனத்துக்கு அடியில் "எதைச் செய்தாலும் இவளுக்குப் போதாது" என்ற தோல்வி இருந்தது. அத்தனை வருடத்தில் அதை அவர் வாயால் நான் கேட்டது அங்கேதான்.

ஆனால் என் கணவரை அந்த அறைக்குள் நம்ப வைத்தது உணர்வு பற்றிய பேச்சு இல்லை. அது அவருக்குக் கூச்சம். தெரபிஸ்ட் ஒரு நாள் ஜான் காட்மன் ஆய்வைப் பற்றிச் சொன்னார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளின் உடம்பில் கருவிகளைப் பொருத்தி, சண்டை வரும் விஷயத்தைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது என்பது காட்மன் சொல்லும் கணக்கு. அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். வெளியே கல் மாதிரி உட்கார்ந்திருப்பவரின் உள்ளே இதயம் அடித்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்டதும் என் கணவர் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். தன்னைப் பற்றி யாரோ முதல் தடவையாகச் சரியாகச் சொன்னது மாதிரி.

மார்ச் 5, இரவு 10.50

மேலே எழுதியதை ஒரு இடத்தில் இறுக்கிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தவறாகப் பயன்படும். 20 நிமிடம், ஒரு மணி நேரம், "இப்போது முடியவில்லை, இரவு பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போவது, இவையெல்லாம் அடங்குவதற்கான நேரம். நாள்கணக்கில் பேசாமல் இருப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அது அவருக்குத் திரும்பி வரும் வழி தெரியாததால் இருக்கலாம், உங்களைத் தண்டிப்பதாகவும் இருக்கலாம். இரண்டும் வெளியிலிருந்து ஒன்று போலவே தெரியும். வழி தெரியாதவருக்கு நீங்கள் இறங்கி வந்து பேசினால் முகத்தில் ஒரு நிம்மதி வரும். தண்டிப்பவருக்கு நீங்கள் கெஞ்சிய பிறகுதான் பேச்சு திரும்பும். உங்களுக்கு எது என்று உங்களுக்குத் தெரியும்.

மார்ச் 6, காலை 8.10

இதை எல்லோரும் படிக்க வேண்டும். வீட்டில் அடி இருந்தால், மிரட்டல் இருந்தால், உங்கள் பணத்தையும் போனையும் போக்குவரத்தையும் அவர் கட்டுப்படுத்தினால், ஜோடியாகப் போகாதீர்கள். அறையில் உண்மையைச் சொன்னால் வீட்டில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் தெரபிக்கே அர்த்தம் இல்லை. தனியாகப் போங்கள், உங்கள் பாதுகாப்பைப் பற்றி முதலில் பேசுங்கள். நல்ல தெரபிஸ்ட் ஜோடியாக வருபவர்களை ஆரம்பத்திலேயே தனித்தனியாகச் சந்தித்து இதைக் கேட்பார். கேட்காதவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருபவர்கள் எந்த முறை என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அவசர சிகிச்சைக்குப் போங்கள். தேர்வெல்லாம் பிறகு.

மார்ச் 7, இரவு 9.00

மற்ற பெயர்களைப் பற்றிக் கேட்டதற்கு.

டிபிடி உங்களுக்கு இல்லை என்று நினைக்கிறேன். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்கள், உணர்ச்சி ஒரு நொடியில் உச்சத்துக்குப் போய் இறங்கவே இறங்காதவர்கள், அவர்களுக்காக மார்ஷா லினஹான் உருவாக்கியது. முதல் பெரிய ஆய்வு 1991ல் வந்தது. முழு வடிவத்தில் அது ஒரு ஏற்பாடு: வாரம் ஒரு தனி செஷன், வாரம் ஒரு குழு வகுப்பு, நடுவில் நெருக்கடி வந்தால் தொலைபேசியில் உதவி. லினஹான் தானும் இளம் வயதில் அதே நிலையில் மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011ல் வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்த நாளிலிருந்து அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. "நான் டிபிடி செய்கிறேன்" என்று சொல்பவரிடம் குழு வகுப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவர் டிபிடியின் சில திறன்களைச் சொல்லித் தருகிறார், அவ்வளவுதான். அதுவும் உதவலாம், ஆனால் ஆய்வில் நிரூபணமானது அந்த முழு ஏற்பாடுதான்.

ஈஎம்டிஆர் அதிர்ச்சி நினைவுகளுக்கானது. ஃபிரான்சின் ஷபிரோ 1987ல் தொடங்கினார். நினைவை மனதில் வைத்துக்கொண்டு கண்ணை இடமும் வலமும் அசைப்பது. பலன் உண்டு என்பதில் பெரிய சண்டை இல்லை, உலக சுகாதார நிறுவனமே 2013ல் பரிந்துரைத்தது. கண் அசைவுதான் வேலை செய்கிறதா, அந்த நினைவை ஒழுங்காகச் சந்திப்பது வேலை செய்கிறதா என்பதில்தான் வாதம். பலன் கிடைத்தவருக்கு அந்த வாதம் அவசரம் இல்லை. எனக்கு வருத்தம் வேறு: எந்தத் தொல்லைக்கும் இதைச் செய்கிறேன் என்பவர்கள் பெருகிவிட்டார்கள். உங்களைத் துரத்தும் குறிப்பிட்ட நினைவு எதுவும் இல்லாதபோது அது எதற்கு?

தூக்கத்துக்கு மட்டும் தனியாக ஒரு சிபிடி இருக்கிறது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, படுக்கையில் இருக்கும் நேரத்தையே முதலில் குறைத்துப் பிறகு மெல்லக் கூட்டுவது என்று போகும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ல் சொன்னது. உறவு சரியான பிறகும் உங்கள் தூக்கம் திரும்பாவிட்டால் இதை நினைவில் வையுங்கள். அப்படி நடப்பது உண்டு. காரணம் போன பிறகும் தூக்கமின்மை பழக்கமாகத் தங்கிவிடும்.

ஐபிடி என்று ஒன்று இருக்கிறது, மனிதர்களுக்கு இடையிலான உறவை மையமாக வைக்கும் தெரபி, இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஜெரால்ட் கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் 1970களில் மனச்சோர்வுக்காக உருவாக்கியது. இழப்பு, நெருங்கியவரோடு தகராறு, வாழ்க்கைப் பாத்திரம் மாறுவது, தனிமை, இந்த நான்கில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பொதுவாக 12 முதல் 16 செஷன் வரை அதையே பேசும். கணவர் வரவே மாட்டார் என்று ஆகிவிட்டால், தனியாகப் போவதற்கு உங்களுக்கு இதுதான் பொருத்தம் என்பேன். உங்களுக்குள் நடப்பதையும் உங்கள் இருவருக்கும் இடையில் நடப்பதையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

மார்ச் 8, மதியம் 2.30

மாத்திரை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பைபோலார் (உற்சாகமும் சோர்வும் மாறி மாறி உச்சத்துக்குப் போவது), ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) போன்றவற்றில் மருந்துதான் அடித்தளம், பேச்சு அதன் மேல். கடுமையான மனச்சோர்வில் இரண்டும் சேர்வது ஒன்றை மட்டும் எடுப்பதை விட நல்லது. லேசானதில் பேச்சோடு தொடங்கலாம். எதையும் மனநல மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள், திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள்.

மார்ச் 9, இரவு 10.30

முதல் செஷனில் என்ன கேட்பது?

கேட்கக் கூச்சப்படுகிறோம். டாக்டரைக் கேள்வி கேட்பதா என்று. கேளுங்கள், அது உங்கள் உரிமை. எட்வர்ட் போர்டின் 1979ல் எழுதியது எனக்கு இதில் வழிகாட்டி. தெரபிஸ்டுக்கும் வருபவருக்கும் இடையிலான பிணைப்பில் வெறும் பாசம் மட்டும் இல்லை. எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒத்துப்போவது, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் ஒத்துப்போவது, அப்புறம் நம்பிக்கை, மூன்றும் சேர வேண்டும் என்றார். ஆகவே "அவரோடு பேசினால் நன்றாக இருக்கிறது" என்பது மூன்றில் ஒன்றுதான். என் முதல் தெரபிஸ்டோடு எனக்கு நம்பிக்கை நிறைய இருந்தது. நான் லிஃப்டில் ஏற விரும்பினேன், அவர் என் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள விரும்பினார். இருவரும் அதைப் பேசிக்கொள்ளவே இல்லை.

உங்கள் நிலையில் நான் கேட்பது இவை. தம்பதிகளோடு வேலை செய்வதற்கென்று தனியாகப் பயின்றிருக்கிறாரா? ஒருவருக்குச் செய்வதையே இரண்டு நாற்காலி போட்டுச் செய்பவர்கள் உண்டு. அப்போது அவர் ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுவார், அல்லது இருவரும் மாறி மாறிப் புகார் சொல்ல அவர் தீர்ப்பு சொல்வார். அடுத்தது, எங்களில் ஒருவர் தனியாக உங்களிடம் ஒரு ரகசியம் சொன்னால் என்ன செய்வீர்கள்? சிலர் ரகசியமே வைத்துக்கொள்ள மாட்டேன் என்பார்கள், சிலர் இதற்குள் சொல்லிவிடு என்று அவகாசம் தருவார்கள். பதில் எதுவாக இருந்தாலும் முன்பே தெரிய வேண்டும். மூன்றாவது, இது பலன் தருகிறதா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வோம், எப்போது பார்ப்போம்? இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவரிடம் நான் போவேன்.

ஒருவர் உங்களுக்குத் தனி தெரபிஸ்டாகவும் உங்கள் இருவருக்கும் ஜோடி தெரபிஸ்டாகவும் இருக்கச் சம்மதித்தால் வேண்டாம். அவர் நல்லெண்ணத்தில் சொன்னாலும் வேண்டாம். உங்கள் கணவர் உள்ளே நுழையும்போதே அந்தத் தெரபிஸ்ட் உங்கள் ஆளாகியிருப்பார்.

மார்ச் 11, இரவு 9.45

"எவ்வளவு நாள் பொறுப்பது?" இது வேறொரு வாசகர் கேட்டது. கென்னத் ஹோவர்டும் உடன் ஆய்ந்தவர்களும் 1986ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 8 செஷன் முடிவதற்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 26க்குள் சுமார் முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. இது சராசரி. சட்டம் இல்லை. ஆனால் எட்டு பத்து செஷன் ஆகியும் ஒரு துளி அசைவும் இல்லை என்றால், முறையையோ ஆளையோ பற்றித் திறந்து பேச வேண்டிய நேரம் அது.

தெரபியால் மோசமாகிறவர்களும் உண்டு, 5 முதல் 10 சதவீதம் வரை என்று சொல்வார்கள். யார் மோசமாகிறார்கள் என்பதைத் தெரபிஸ்டுகள் தங்கள் உள்ளுணர்வால் சரியாகக் கண்டுபிடிப்பதில்லை, ஒவ்வொரு செஷனிலும் ஒரு சின்னக் கேள்வித்தாள் கொடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்று மைக்கேல் லாம்பர்ட்டின் ஆய்வுகள் காட்டின. அதனால் உங்கள் தெரபிஸ்ட் அந்தத் தாளை நீட்டினால் சலித்துக்கொள்ளாதீர்கள். உண்மையை எழுதுங்கள். அவரைப் புண்படுத்தக் கூடாது என்று நல்ல மதிப்பெண் போடாதீர்கள், நான் இதை மிகவும் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். பயத்தைச் சந்திக்கும் பயிற்சியில் முதல் சில வாரம் கஷ்டம் கூடத்தான் செய்யும். அது வேறு. செஷனுக்குப் பிறகு கஷ்டமாக இருந்தாலும் வாழ்க்கை கொஞ்சம் அகலமாகிறதா, இதுவரை தவிர்த்த ஒன்றையாவது செய்கிறீர்களா என்று பாருங்கள். வாழ்க்கை சுருங்கிக்கொண்டே போனால் நிறுத்துங்கள்.

மார்ச் 14, காலை 7.30

அவர் "ஒரு தடவை வருகிறேன், ஆனால் எனக்கு இந்தத் திருமணமே வேண்டுமா என்று தெரியவில்லை" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்து எனக்கே நெஞ்சு கனத்தது. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

ஆனால் இது முக்கியமான தகவல், இதனால் தேர்வு மாறுகிறது. ஒருவர் சரிசெய்ய வருகிறார், மற்றவர் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு வருகிறார் என்றால் வழக்கமான ஜோடி தெரபி தடுமாறும். வாசலில் நிற்பவரிடம் வீட்டுப்பாடம் கொடுத்தால் அவர் செய்யமாட்டார், நீங்கள் அதைப் பார்த்து உடைவீர்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டோஹர்ட்டி இதற்கென்றே டிஸ்சர்ன்மென்ட் கவுன்சிலிங் என்ற ஒரு குறுகிய வழியை உருவாக்கினார். அதிகபட்சம் ஐந்து சந்திப்பு. பெரும்பகுதி நேரம் இருவரோடும் தனித்தனியாகப் பேச்சு. திருமணத்தைச் சரிசெய்வது அங்கே நோக்கமே இல்லை. இப்படியே தொடர்வதா, பிரிவதா, ஆறு மாதம் முழு மனதோடு தெரபியில் முயன்று பார்ப்பதா என்று முடிவெடுப்பதுதான் நோக்கம். இந்தத் திருமணம் இந்த நிலைக்கு வந்ததில் தன் பங்கு என்ன என்று ஒவ்வொருவரும் தனியாகப் பார்க்க வேண்டும். இந்தப் பெயரில் செய்பவர் கிடைக்காவிட்டாலும், ஜோடி தெரபிஸ்டிடம் போனில் இதை முன்பே சொல்லுங்கள்: "அவர் முடிவு செய்யவில்லை, முதலில் முடிவெடுக்க உதவ முடியுமா?"

மார்ச் 14, காலை 7.55

இன்னும் ஒன்று. அவரை அழைத்துப் போகும் வழியில் சமாதானம் பேசி வைக்காதீர்கள். "அங்கே போய் அதைச் சொல்லாதே" என்ற ஒப்பந்தமும் வேண்டாம்.

மார்ச் 19, இரவு 10.05

வெள்ளிக்கிழமைக்கு நேரம் கிடைத்ததில் மகிழ்ச்சி. தம்பதிகளுக்கென்றே பயின்றவர், முதலில் இருவரையும் தனித்தனியாகப் பார்க்கிறார், ரகசியம் பற்றி அவரே பேச்செடுத்தார். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. தைராய்டு பரிசோதனை முடிவையும் கையில் எடுத்துப் போங்கள்.

"நான் முதலில் என்ன சொல்ல வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருடத்துப் புகாரையும் வரிசைப்படுத்தாதீர்கள். கடைசியாக நடந்த ஒரு சண்டையை மட்டும் ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். யார் என்ன சொன்னது, உங்கள் உடம்பில் என்ன ஆனது, அவர் எந்த நொடியில் எழுந்து போனார், நீங்கள் பின்னாலேயே போனீர்களா. நல்ல தெரபிஸ்டுக்கு அது போதும். அப்புறம், பலன் தருகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வோம் என்ற அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.